ஓக் டெடி: சுரங்கத்தின் பணம் சிங்கப்பூருக்கு வந்த கதை

பங்குதாரரே இல்லாத கம்பெனி உண்டு என்றால் பலர் நம்ப மாட்டார்கள். எனக்கு அது அன்றாட வேலை. ஷெண்டன் வே பக்கம் கம்பெனி செகரட்டரி அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். இயக்குநர் மாறினார், முகவரி மாறியது, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது என்று படிவம் போட்டுக்கொண்டே 16 ஆண்டுகள் ஓடிவிட்டன. என் அலமாரியின் கடைசித் தட்டில் இருப்பவை உத்தரவாத வகை நிறுவனங்களின் கோப்புகள்: கலைக்குழு, விளையாட்டுச் சங்கம், தொண்டு அமைப்பு. இவற்றில் பங்கும் கிடையாது, ஈவுத்தொகையும் கிடையாது. நிறுவனத்தை மூடவேண்டி வந்தால் இவ்வளவு தருகிறேன் என்று உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு சின்னத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார், அவ்வளவுதான். லாபம் வந்தால் யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது.

அந்தக் கடைசித் தட்டு வகையைச் சேர்ந்த ஒரு சிங்கப்பூர் நிறுவனம், பாப்புவா நியூ கினியின் மலைக்காட்டில் இருக்கும் மாபெரும் செம்புச் சுரங்கம் ஒன்றில் பாதிக்கு மேல் சொந்தம் வைத்திருந்தது. 2002 முதல் 2013 வரை. பெயர், பாப்புவா நியூ கினி நீடித்த வளர்ச்சித் திட்ட நிறுவனம். இனி திட்ட நிறுவனம் என்றே சொல்கிறேன்.

எங்கள் வாசகர் வட்டத்தில் சென்ற மாதத் தலைப்பு, சுரங்க நிறுவனங்கள் தோண்டும் ஊருக்கு உண்மையில் ஏதாவது செய்கின்றனவா என்பது. நூலக அறையில் பதினோரு பேர் இருந்தோம். துவாஸில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், ஊரில் சுரங்கத்தை ஒட்டிய கிராமத்துக்காரர், அதிகம் பேசாதவர். அன்று கேட்டார்: "நெலத்துக்குப் பட்டா இருக்கு, பணம் குடுக்கலாம். ஆத்துக்கு யார்கிட்ட குடுப்பாங்கக்கா?" பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை ஒரு முழு நிகழ்வை எடுத்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். இந்த மாதக் கூட்டத்தில் அப்படிச் சொன்னதும், அங்கே நடந்ததும்தான் இது.

மலையும் மழையும்

ஓக் டெடி என்பதில் 'ஓக்' என்றால் அந்த மலைமக்கள் மொழியில் தண்ணீர், ஆறு. (நம் வாய்க்கு அது 'ஓகே' என்று வரும். ஆற்றுக்கு நடந்ததைப் படித்தபின் வராது.) நாட்டின் மேற்கு மாகாணத்தில், இந்தோனேசிய எல்லைக்குப் பக்கத்தில், ஸ்டார் மலைத்தொடரில் ஃபுபிலன் என்றொரு மலை. உச்சியில் தங்கம், அதற்குக் கீழே செம்பு. 1984இல் தங்கம் எடுக்கத் தொடங்கினார்கள், சில ஆண்டுகளில் செம்பு. ஆஸ்திரேலியாவின் பிஎச்பி நிறுவனம் முன்னின்று நடத்தியது, அரசுக்கும் பங்கு இருந்தது.

செம்புத் தாதுவை அரைத்து, வேண்டியதை எடுத்தபின் மிஞ்சுவது மாவு போன்ற சேறு. வந்த கல்லில் பெரும்பகுதி இந்தச் சேறாகத்தான் வெளியேறும். பெரும்பாலான இடங்களில் அதை அணை கட்டித் தேக்குவார்கள். இங்கேயும் ஓக் மா பள்ளத்தாக்கில் அணை வேலை தொடங்கியது. 1984 ஜனவரியில் பெரும் நிலச்சரிவு வந்து அணையின் அடித்தளத்தையே கொண்டுபோய்விட்டது.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டர் மழை. நவம்பர், டிசம்பர் வந்தால் நாம் குடையை மறப்பதில்லை. அந்தச் சுரங்கப் பகுதியில் பெய்வது 8,000 முதல் 10,000 மில்லிமீட்டர். அதோடு நிலநடுக்கம் வரும் மலை, நழுவும் மண். அணை நிற்காது என்றார்கள் பொறியாளர்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் அணை நிற்காத இடத்தில் சுரங்கம் வேண்டுமா என்பதல்லவா அடுத்த கேள்வி? அரசுக்கு வருமானம் வேண்டும், கம்பெனி போட்ட முதல் திரும்ப வேண்டும். தற்காலிகம் என்று சொல்லி ஆற்றில் விட்டார்கள், அப்புறம் அதுவே நிரந்தரமானது. நாளொன்றுக்குச் சுமார் 80,000 டன் கழிவுச் சேறு. வெட்டிக் கொட்டிய பாறையும் மண்ணும் தனி.

ஓக் டெடி ஆறு கீழே போய் ஃபிளை ஆற்றில் சேர்கிறது. மேட்டிலிருந்து வந்த சேறு சமவெளியில் படிந்து ஆற்றுப்படுகை உயர்ந்தது. படுகை உயர்ந்தால் வெள்ளம் கரையைத் தாண்டும். தாண்டிய தண்ணீர் காட்டில் மாதக்கணக்கில் நின்றால் மரங்களின் வேர் மூச்சுத்திணறிச் சாகும். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு இப்படிப் பட்டுப்போனது. சிங்கப்பூர் முழுத்தீவே அதைவிடச் சிறியது. சேப்பங்கிழங்குத் தோட்டங்கள் சேற்றில் மூடின, சவ்வரிசிப் பனை அழிந்தது, மீன் குறைந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 120 கிராமங்களில் 50,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

கப்பல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, பாப்புவா நியூ கினித் தலைநகரான மோர்ஸ்பியின் துறைமுகத்துக்குப் போய்வந்தவர். அந்த ஊர் ஆறுகளைப் பற்றிக் கேட்டால், "அங்க ஆத்துத் தண்ணி எல்லாம் தே தாரிக் கலர்மா" என்பார், நம் பால் தேநீரின் நிறத்தைச் சொல்லி. ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஃபிளை ஆறு இயற்கையிலேயே கலங்கல் ஆறுதான். நிறத்தை வைத்துச் சுரங்கத்தின் மேல் பழி போட முடியாது. படுகை உயர்ந்ததும் காடு பட்டதும்தான் சாட்சி.

மெல்பர்ன் நீதிமன்றம்

1994இல் ஆற்றங்கரை மக்கள் பிஎச்பியின் தலைமையகம் இருக்கும் ஊருக்கே போய், விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் நாட்டு நாடாளுமன்றம் செய்த காரியம்தான் எனக்கு இன்னும் ஜீரணிக்கவில்லை: வெளிநாட்டு நீதிமன்றத்தில் இப்படி இழப்பீடு கேட்பதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. தன் மக்களுக்கு எதிராகத் தன் சட்டம்! சுரங்கத்தில் அரசும் பங்குதாரர் என்பதை நினைவில் வைத்தால் ஆச்சரியம் கொஞ்சம் குறையும். 1996இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கழிவைத் தடுக்க வழி காண்போம் என்பது வாக்குறுதிகளில் ஒன்று. அது நடக்கவில்லை என்று 2000இல் மறுபடியும் வழக்கு, 2004இல் அது கைவிடப்பட்டது.

இடையே 1999இல் பிஎச்பியே ஓர் அறிக்கை வெளியிட்டது. பாதிப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரியது, எந்த வழியிலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது என்பது சாரம். இந்தச் சுரங்கம் தங்கள் சுற்றுச்சூழல் கொள்கைக்கு ஒத்துவராதது என்று கம்பெனித் தலைமையே ஒப்புக்கொண்டது. பிஎச்பி வெளியேற நினைத்தது. மூடினால் நாட்டின் ஏற்றுமதியில் பெரிய துண்டு விழும், சுரங்கத்தை நம்பியிருந்த டபுபில் நகரம் காலியாகும். அரசு மூட விடவில்லை.

100 வெள்ளியில் 11

2001இல் வந்த ஏற்பாடு இதுதான். பிஎச்பி தன் 52 விழுக்காட்டுப் பங்கை யாருக்கும் விற்காமல், சிங்கப்பூரில் பதிவான திட்ட நிறுவனத்துக்கு இலவசமாக மாற்றிக்கொடுக்கும். சுரங்கம் ஓடும்வரை அந்தப் பங்குக்கு வரும் ஈவுத்தொகை மக்களின் வளர்ச்சிக்குப் போகும். பதிலுக்கு, சுரங்கம் செய்த சேதத்துக்காக பிஎச்பி மேல் கைவைக்க முடியாதபடி பாப்புவா நியூ கினி சட்டமே பாதுகாப்புக் கொடுக்கும். 2002 பிப்ரவரியில் பங்கு கைமாறியது.

ஏன் சிங்கப்பூர்? இந்தத் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் ஊகிப்பது கஷ்டமில்லை. பணம் உள்நாட்டு அரசியல்வாதி கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கவேண்டும். அதே சமயம் நீதிமன்றம் நம்பத்தக்கதாக, கணக்குத் தணிக்கை ஒழுங்காக நடக்கும் ஊராக இருக்கவேண்டும். இங்கே பதிவான எந்த நிறுவனத்துக்கும் உள்ளூர்வாசி இயக்குநர் ஒருவராவது இருந்தே ஆகவேண்டும், பதிவு முகவரி இருந்தே ஆகவேண்டும். திட்ட நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் பிஎச்பி நியமித்தவர்கள் சிலர், நாட்டின் அமைப்புகள் நியமித்தவர்கள் சிலர். ஆஸ்திரேலியப் பொருளியல் அறிஞர் ராஸ் கார்னோ 2012 வரை தலைவர்.

பணத்தைப் பிரிக்கும் விதி எளிது. வரும் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீண்டகால நிதிக்கு, சுரங்கம் மூடியபின் செலவழிக்க. மீதி ஒரு பங்கு இப்போதைய திட்டங்களுக்கு. அந்த ஒரு பங்கிலும் மூன்றில் ஒன்றுதான் மேற்கு மாகாணத்துக்கு. மற்றது நாட்டின் பிற பகுதிகளுக்கு.

வட்டத்தில் இதை வெண்பலகையில் எழுதிக் காட்டினேன். 100 வெள்ளி (நம் டாலர்) வந்தால் 67 வெள்ளி சேமிப்பு. 33 செலவு. அதில் ஆறு பாழான மாகாணத்துக்கு இன்றைய தேதியில் உத்தரவாதமாகப் போவது 11 வெள்ளி சொச்சம்.

அறையில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா உடனே, "சேமிப்பு தப்பாம்மா? நம்ம அரசாங்கமும் அப்படித்தானே செய்யுது" என்றார். நியாயமான கேள்வி. நம் இருப்புநிதியின் எதிர்பார்க்கப்படும் நீண்டகால வருமானத்தில் பாதி வரைதான் அரசு செலவழிக்கலாம், மீதி அடுத்த தலைமுறைக்கு என்பது நம் அரசியல் சட்டம். செம்பு ஒருநாள் தீரும் என்பதால் அங்கும் சேமிக்கத்தான் வேண்டும். ஆனால் நாம் சேமிப்பது குழாயில் தண்ணீரும் பக்கத்தில் மருந்தகமும் இருக்கும் நிலையில். மேற்கு மாகாணம் நாட்டிலேயே பின்தங்கிய மாகாணங்களில் ஒன்று. அதன் தலைநகரம் டாரு தீவில், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் ஒரு பெரும் நெருக்கடியாகவே ஆனது. அந்த அக்கா காசநோய் வார்டில் வேலை பார்த்தவர். டாரு என்றதும் பேச்சை நிறுத்திவிட்டு, அங்கே மாத்திரையை நேரில் பார்த்து விழுங்கவைக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டார்.

என் சம்பளச் சீட்டில் மாதாமாதம் மசேநி (மத்திய சேம நிதி) பிடித்தத்துக்குக் கீழே சிண்டாவுக்கு, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு, 9 வெள்ளி என்று ஒரு வரி வரும். சின்னத் தொகைதான். வேண்டாம் என்றால் படிவம் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடலாம். நம் பிள்ளைகளின் டியூஷனுக்குப் போகிறது என்று தெரியும். பிடிக்காவிட்டால் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், பத்திரிகைக்கு எழுதலாம். ஃபிளை ஆற்றங்கரைக்காரர் தன் பெயரில் வளரும் நிதியைப் பற்றிக் கேட்க யாரிடம் போவார்? ஆறு போனது அவருக்கு. நிதியின் விதிகளில் அவர் பயனாளி. உறுப்பினர் பட்டியலில் அவர் இல்லை.

திட்ட நிறுவனம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். சாலை அரிதான மாகாணத்தில் கைப்பேசிக் கோபுரங்கள் எழ அதன் பணம் உதவியது. ஊரகச் சிறுகடன் வங்கிச் சேவையிலும் முதலீடு போட்டது. கணக்கு வெளிப்படையாக இருந்தது என்று அதைப் புகழ்ந்தவர்களும் உண்டு.

பெண்கள் உட்கார்ந்த மேசை

இந்த நிகழ்வில் எனக்குப் பிடித்த பகுதி சிங்கப்பூர் நிறுவனத்துக்கு வெளியே நடந்தது.

பிஎச்பி வெளியேறிய சமயத்தில் சுரங்க நிறுவனம் கிராமங்களோடு தனித்தனியாக ஒப்பந்தம் போட்டது. சுரங்கம் தொடர நாங்கள் சம்மதம், வழக்குப் போடமாட்டோம், பதிலுக்கு இழப்பீடு என்பது அதன் சுருக்கம். சுமார் 150 கிராமங்கள் இதில் வந்தன. பேசியதும் கையெழுத்திட்டதும் ஆண்கள். பணமும் அவர்கள் கைக்குத்தான் போனது. தண்ணீர் எடுப்பவள், தோட்டம் போடுபவள், சவ்வரிசி மாவு பிழிபவள் பெண். அவளுடைய வேலைதான் சேற்றில் மூடியது. பேச்சில் அவள் இல்லை.

2006, 2007இல் ஒப்பந்தங்களை மறுபரிசீலனை செய்தபோது பெண்களுக்குத் தனிப் பிரதிநிதியும் மேசையில் ஓர் இடமும் கிடைத்தது. அவர்கள் கேட்டு வாங்கியவை: இழப்பீட்டுத் தொகுப்பில் 10 விழுக்காடு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று எழுத்தில், குடும்ப வங்கிக் கணக்கில் பெண்ணும் கையெழுத்துதாரர், கிராமத் திட்டக் குழுவிலும் அந்தப் பணத்தை நிர்வகிக்கும் அமைப்பின் இயக்குநர் குழுவிலும் பெண்ணுக்கு இடம். தொகுப்பு மொத்தம் 100 கோடி கினாவுக்கு (அந்த நாட்டுப் பணம்) மேல். அதில் 10 விழுக்காடு என்பது விளையாட்டல்ல.

சுரங்க உலகில் பலரும் இதை முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். எழுதிய எல்லாம் கிராமத்தில் அப்படியே நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 10 விழுக்காடு என்றால் 90 இன்னும் பழைய கையில் இருக்கிறது என்றும் ஒருவர் சொல்லலாம். ஆனால் கையெழுத்துதாரர் என்ற ஒரு வார்த்தையின் எடை எனக்குத் தெரியும். வங்கிப் படிவத்தில் இரண்டாவது கையெழுத்து இல்லாமல் காசோலை போகாது. என் வேலையில் பெரிய பெரிய முதலாளிகள் அந்த இரண்டாவது கையெழுத்துக்காகக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பூட்டு உடைந்ததும் உடையாததும்

2012 வாக்கில் நீண்டகால நிதி பல மடங்கு பெருகிவிட்டது. செம்பு விலை ஏறிய காலம். 2013இல் அது சுமார் 140 கோடி அமெரிக்க டாலர். அப்போதைய பிரதமர் பீட்டர் ஓ நீல், இந்த நிறுவனம் பிஎச்பியின் பிடியில் இருக்கிறது, மேற்கு மாகாண மக்களுக்கு உருப்படியாக எதுவும் போகவில்லை என்றார். கார்னோ நாட்டுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. திட்ட நிறுவனத்தில் அவருக்குப் பின் தலைவராக வந்தவர் சர் மெகரே மொராட்டா. 2001இல் இந்த ஏற்பாடு உருவானபோது பிரதமராக இருந்தவர்! அரசின் சார்பில் பூட்டிய அதே கைகள் இப்போது அரசுக்கு எதிராகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றன.

2013 செப்டம்பரில் நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில், சுரங்கக் கம்பெனியில் திட்ட நிறுவனத்துக்கு இருந்த பங்குகளை ரத்து செய்து அரசின் பெயரில் புதுப் பங்குகளை வெளியிட்டது. அதற்குள் அந்தப் பங்கு 63 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. பிஎச்பிக்குக் கொடுத்த சட்டப் பாதுகாப்பும் போனது. நஷ்டஈடாக ஒரு காசு இல்லை. சிங்கப்பூர் நிறுவனத்தை மாற்றி அமைக்கும் அதிகாரத்தையும் அதே சட்டம் அரசுக்கு எழுதிக்கொண்டது.

இங்கேதான் பதிவு முகவரியின் அர்த்தம் தெரிகிறது. சுரங்கக் கம்பெனி அந்த நாட்டில் பதிவானது, அதன் பங்கேட்டை அந்த நாட்டுச் சட்டம் ஒரே நாளில் திருத்தலாம். திட்ட நிறுவனமும் அதன் சேமிப்பும் இங்கே. மோர்ஸ்பியில் கை தூக்கி நிறைவேற்றிய சட்டத்தால் சிங்கப்பூர் நிறுவனத்தின் இயக்குநரை மாற்ற முடியாது.

ஆகவே இரண்டு பக்கமும் வழக்கு. பறித்த பங்குக்காகத் திட்ட நிறுவனம் உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுத் தகராறு மையத்துக்குப் போனது. நடுவர் மன்றத்தின் முன் வர அரசு எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்கவில்லை, எனவே விசாரிக்க அதிகாரமில்லை என்று 2015இல் முடிந்தது. பங்கு போனது போனதுதான். மறுபக்கம் அரசு சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் திட்ட நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தை மேற்பார்வையிட எங்களுக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தம் இருந்தது, எங்களைக் கேட்காமல் விதிகளை மாற்றினார்கள், இது உண்மையில் அறக்கட்டளைச் சொத்து என்பன அரசின் வாதங்கள். 2019இல் நீதிபதி ஜூடித் பிரகாஷ் அரசின் கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தார். பணம் திட்ட நிறுவனத்திடமே நின்றது.

நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. எழுதிய ஆவணம் என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் வக்கீல்கள் சிங்கப்பூரிலும் வாஷிங்டனிலும் வாதாட, மேற்கு மாகாணத்தில் திட்டங்கள் முடங்கிக் கிடந்தன. அரசியல்வாதியிடமிருந்து பணத்தைக் காக்கக் கட்டிய சுவர் நன்றாகவே நின்றது. ஊர்க்காரரும் சுவருக்கு அந்தப்பக்கம்தான் இருந்தார். பிஎச்பிக்கும் அரசுக்கும் இடையில் யார் யாரை நியமிப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு, ஆற்றங்கரைக் கிராமங்கள் ஓர் இயக்குநரையாவது தேர்ந்தெடுக்கட்டும் என்று ஒரு வரி தோன்றவில்லை. உத்தரவாத நிறுவனத்தில் அது செய்யவே முடியாத காரியமும் இல்லை. யார் உறுப்பினர், யார் எத்தனை இயக்குநரை நியமிப்பார் என்பதை விதிகளில் நாமே எழுதிக்கொள்ளலாம். நானே அப்படி எழுதிப் பதிவு செய்திருக்கிறேன், அறுபது பேர் கொண்ட ஒரு சங்கத்துக்கு.

சுரங்கம் இன்றும் ஓடுகிறது. இப்போது முழுக்க அந்த நாட்டுக்கே சொந்தம். மேற்கு மாகாணத்துக்கென்று 33 விழுக்காடு ஒதுக்கியிருக்கிறார்கள். செம்புத் தாது கியுங்கா துறையிலிருந்து ஃபிளை ஆற்றில் பார்ஜ் எனும் சரக்குப் படகு ஏறி 800 கிலோமீட்டர் கடலுக்கு வருகிறது. 2015இல் எல் நினோ வறட்சியில் ஆறு வற்றிப் பார்ஜ் போகமுடியாமல் சுரங்கத்தையே மாதக்கணக்கில் நிறுத்தவேண்டி வந்தது. அந்த ஆற்றை நம்பித்தான் சுரங்கமும் பிழைக்கிறது.

வட்டம் கலையும்போது துவாஸ் தம்பி என் தாள்களை வாங்கி, பெண்களின் 10 விழுக்காடு இருந்த பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

"எதுக்குப்பா?" என்றேன்.

"எங்க ஊர்ல அடுத்த மாசம் பேச்சுவார்த்தை இருக்குக்கா. அம்மாவுக்கு அனுப்பப் போறேன். இந்தக் கையெழுத்துதாரர்னா என்னன்னு மட்டும் ஒரு வாட்டி சொல்லுங்க, வாய்ஸ் மெசேஜ்ல போட்டுடறேன்."

எம்ஆர்டி நிலையம் வரை நடந்துகொண்டே சொன்னேன். இரண்டு முறை பதிவு செய்தார், முதல் முறை பேருந்துச் சத்தத்தில் கேட்கவில்லை என்று.